துடைப்பம் கட்டும் கலாசாலை

நம் வீடுகளில் படிப்பையும் துடைப்பத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பரீட்சையில் தேறாத பிள்ளையைப் பார்த்துத் தகப்பனார், "நீ தெருக் கூட்டத்தான் லாயக்கு!" என்று இரைகிறாரே, அந்த வாக்கியத்துக்குள் ஒரு துடைப்பம் மறைந்திருக்கிறது. அதை வெறும் வசவு என்று தள்ளிவிடுவதற்கில்லை. படித்தவன் கூட்டமாட்டான், கூட்டுகிறவன் படித்திருக்கமாட்டான் என்ற ஒரு பெரிய சாஸ்திரமே அதில் அடங்கிக் கிடக்கிறது.

இந்தச் சாஸ்திரம் செல்லாத ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தில், லெக்ஸிங்டன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 மைல் தூரத்தில், அப்பலேச்சிய மலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ள பெரீயா என்ற சிற்றூர்தான் அது. அங்குள்ள கலாசாலையில் 1920-ம் வருஷம் முதல் மாணாக்கர்கள் துடைப்பம் கட்டி வருகிறார்கள். தண்டனைக்காக அல்ல. காலையில் தத்துவ வகுப்பில் உட்கார்ந்து பிளேட்டோவைப் பற்றி விவாதித்த பெண், பிற்பகலில் பட்டறைக்குப் போய்த் துடைப்பத்துக்குப் பிடி பூட்டுகிறாள். அவளுடைய பேராசிரியர் அதைக் கண்டு வியப்பதில்லை. தாயார் அதைக் கேட்டுக் கண்ணீர் விடுவதும் இல்லை.

நம் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றை அங்கே தேட வேண்டாம். சோளத்தில் ஒரு வகை இருக்கிறது. தானியத்துக்காக அன்றி, நீண்டு விறைத்து நிற்கும் அதன் கதிர்க் காம்புகளுக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். அந்தக் காம்புகளுக்குச் சாயம் தோய்த்து, பிடியைச் சுற்றி அடுக்கி, இறுக்கிக் கட்டித் தைத்து, நுனியை ஒழுங்காக வெட்டிவிடுகிறார்கள். முடிந்தபின் பார்த்தால், அதனால் தரையைப் பெருக்குவதா அல்லது கூடத்தில் அலங்காரமாக மாட்டி வைப்பதா என்று குடும்பத் தலைவிகள் சற்று யோசிக்கத்தான் செய்வார்கள். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மாட்டியே வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

பெரீயா என்றதும் நம் 'பெரிய' என்ற சொல் ஞாபகம் வரலாம். இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பைபிளில் வரும் ஓர் ஊரின் பெயர் அது; தமிழ் வேதாகமத்தில் பெரோயா என்று இருக்கும். புதிதாகக் கேட்ட உபதேசத்தைத் திறந்த மனத்தோடு ஆராய்ந்து பார்த்தவர்கள் அவ்வூரார் என்று அந்நூல் கூறுகிறது. கலாசாலையும் அளவில் பெரியதன்று. மாணாக்கர் தொகை சுமார் 1,500தான்.

ஃபீஸ் வாங்காத ஃபீ

1892-ம் வருஷம் முதல் இக்கலாசாலை எந்த மாணாக்கரிடமும் படிப்புச் சம்பளம் என்று ஒரு காசு வாங்கியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இதை ஸ்தாபித்த பாதிரியாரின் பெயர் ஜான் கிரெக் ஃபீ! பெயரிலே இருந்த ஃபீயை அவர் ஸ்தாபனம் பிற்காலத்தில் வரவு செலவுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

ஃபீ பிறந்தது 1816-ல். அவருடைய தகப்பனார் கென்டக்கியில் அடிமைகளை வைத்திருந்தவர். மகன் வேத சாஸ்திரம் படிக்கப் போன இடத்தில், மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவது பாவம் என்ற முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வந்ததோடு நிற்காமல், அதை ஊர் ஊராகச் சென்று பிரசங்கமும் செய்தார். தகப்பனார் அவருக்குச் சொத்து இல்லை என்று சொல்லிவிட்டார். பிரசங்கம் செய்த இடங்களில் கல்லடியும் அவமானமும் தாராளமாகக் கிடைத்தன.

இத்தகைய மனிதருக்கு இடம் கொடுக்க முன்வந்தவர் காஸியஸ் கிளே என்ற பெருநிலக்கிழார். அடிமைகளை ஏராளமாக வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, அம்முறையையே எதிர்த்து நின்றவர் அவர். குத்துச் சண்டை வீரர் முகம்மது அலிக்குப் பெற்றோர் இட்ட பெயர் காஸியஸ் கிளே என்பது பலருக்குத் தெரியும். தகப்பனாருக்கும் மகனுக்குமாக வந்த அந்தப் பெயர் இந்தக் கிளேயின் ஞாபகார்த்தமாக வந்ததுதான். அவர் கொடுத்த 10 ஏக்கர் நிலத்தில் ஃபீ குடியேறினார். 1855-ல் அங்கே ஒற்றை அறையில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது.

1859-ல் அதைக் கலாசாலையாக வளர்ப்பதற்கு விதிகள் எழுதினார்கள். அந்த ஸ்தாபனம் எவற்றையெல்லாம் எதிர்க்கும் என்று அதில் ஒரு ஜாபிதா உண்டு. மதப் பிரிவினை, அடிமை முறை என்ற இரண்டையும் அடுத்து மூன்றாவதாக அவர்கள் எழுதிய சொல் 'ஜாதி'! இந்தியாவைப் பற்றிப் பேசும்போது ஐரோப்பியர் வழங்கும் அதே சொல்லை எடுத்து, கறுப்பர், வெள்ளையர் என்று தங்கள் நாட்டில் இருந்த ஏற்றத்தாழ்வுக்கு அவர்கள் பெயராக வைத்தார்கள். பதினாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு மலையடிவாரத்தில் நம் வீட்டு அழுக்கு உதாரணமாக எடுத்தாளப்பட்டிருக்கிறது. நாம் பெருமைப்படக் கூடிய விஷயமன்று.

விதிகளை எழுதிய மை உலருவதற்குள் ஆபத்து வந்துவிட்டது. அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் ஜான் பிரௌன் என்பவர், அடிமைகளை விடுவிக்கும் நோக்கத்தோடு வர்ஜீனியாவில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையைத் தாக்கினார். டிசம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தென்பிரதேசத்து எஜமானர்களின் தூக்கம் போய்விட்டது. வடக்கே நிதி திரட்டச் சென்றிருந்த ஃபீ ஒரு பிரசங்கத்தில், பிரௌனின் பலாத்கார வழியை ஏற்காவிட்டாலும் அவருடைய தியாக உணர்ச்சி நமக்கு வேண்டும் என்ற கருத்தில் பேசினார். பத்திரிகைகள் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியைப் பிரசுரித்தன. (பத்திரிகைகளின் இந்தக் கைவண்ணம் அப்போதே இருந்திருக்கிறது!) டிசம்பர் மாத முடிவில் சுமார் 60 பேர் குதிரைகளில் ஏறி ஆயுதங்களோடு பெரீயாவுக்கு வந்தார்கள். காலிகள் அல்லர், அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்கள். பத்து நாட்களுக்குள் மாகாணத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கவர்னரிடம் முறையிட்டதில், பாதுகாப்பளிக்க இயலாது என்று பதில் வந்தது. குழந்தை குட்டிகளோடு அத்தனை பேரும் ஊரைக் காலி செய்தார்கள்.

உள்நாட்டு யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்து மறுபடி தொடங்கினார்கள். 1866-ல் கறுப்பு மாணாக்கர்கள் உள்ளே நுழைந்தபோது, அங்கே இருந்த வெள்ளை மாணாக்கர் பலர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஃபீயும் அவர் தோழர்களும் பின்வாங்கவில்லை. அந்த வருஷத்து மாணாக்கர் தொகை 187. அவர்களில் கறுப்பர் 96 பேர், வெள்ளையர் 91 பேர். நேற்று வரை சந்தையில் விலை கூறப்பட்டவனின் பிள்ளையும், விலை கூறியவனின் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தார்கள். 1870-ல் ஜூலியா பிரிட்டன் என்ற கறுப்புப் பெண்மணி அங்கே சங்கீத ஆசிரியையாக அமர்ந்து, வெள்ளைப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு அப்போது வயது இருபதுகூட நிரம்பவில்லை.

போர்வை கொடுத்து வாங்கிய படிப்பு

சம்பளம் வாங்காமல் கலாசாலை எப்படி நடக்கும்? நம் கலாசாலை நிர்வாகிகள் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

1892-ல் தலைவராக வந்த வில்லியம் ஃப்ராஸ்ட் குதிரை ஏறி மலைக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே கையில் ரொக்கம் என்பது கிடையாது. ஆனால் ஒவ்வொரு குடிசையிலும் ஒரு தறி இருந்தது. பெண்கள் சித்திர வேலையோடு கம்பளிப் போர்வைகள் நெய்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஈடாக அந்தப் போர்வைகளை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஃப்ராஸ்ட் தீர்மானித்தார். ஒரு தாய் பல இரவுகள் கண் விழித்து நெய்த போர்வை மகனுக்குச் சில மாதத்துக் கல்வியாக மாறியது. போர்வைகளை வடக்கே கொண்டு போய் விற்றார்கள். வாங்கினவர்களில் சிலர் மேலும் நன்கொடையும் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்மார்களை நாம் அறிவோம். அந்த மலைப் பெண்களிடம் அடகு வைக்க நகையும் இல்லை, கைத்தொழிலைத்தான் வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த நெசவுப் பட்டறை இன்றும் கலாசாலையில் நடக்கிறது.

ஆனால் போர்வை விற்ற பணத்தில் ஒரு கலாசாலையைப் பல தலைமுறைகள் நடத்த முடியாது. 1920-ல் நிர்வாகிகள் ஒரு முக்கியமான தீர்மானம் செய்தார்கள். இன்ன செலவுக்கு என்று நிபந்தனை போடாமல் உயில் மூலம் வரும் சொத்து எதையும் செலவழிப்பதில்லை. முழுவதையும் மூலதனத்தில் சேர்த்துவிடுவது. அதன் வருமானத்தில் கலாசாலையை நடத்துவது. முதலைத் தொடாமல் வட்டியில் வாழும் நம் செட்டிநாட்டுச் சூத்திரம்தான்! அந்த மூலதனம் நூறு வருஷ காலத்தில் 100 கோடி டாலருக்கு மேல் பெருகிவிட்டது. வருஷாந்தரச் செலவில் பெரும்பகுதியை அதன் வருமானமே தாங்குகிறது. மீதிக்கு நன்கொடையும் சர்க்கார் உதவியும் உண்டு.

இத்தனை பணம் இருப்பதால் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. பெரிய மூலதனம் உள்ள கலாசாலைகளின் வருமானத்தில் 1.4 சதவிகிதம் வரி என்று 1917-ல் அல்ல, 2017-ல் அமெரிக்க அரசாங்கம் சட்டம் செய்தது. கோடீசுவரர் பிள்ளைகள் படிக்கும் சர்வகலாசாலைகளைக் குறி வைத்து விட்ட அம்பு, ஏழைகளின் கலாசாலைமேலும் பாய்ந்தது. பிறகு 2018 பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தி, சம்பளம் கட்டும் மாணாக்கர் குறைந்தது 500 பேராவது உள்ள கலாசாலைகளுக்கே வரி என்று மாற்றினார்கள். பெரீயாவில்தான் சம்பளம் கட்டுகிறவரே இல்லையே! தப்பிற்று.

இங்கே சேர்வதற்கு உள்ள நிபந்தனை நம் ஊர் வழக்கத்துக்கு நேர் விரோதமானது. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை. சில விலக்குகள் தவிர, குடும்பத்தின் வருமானம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால்தான் விண்ணப்பத்தையே எடுத்துப் பார்ப்பார்கள். 'இன்னார் மகன்' என்ற சிபாரிசுக் கடிதம் கொண்டு போனால், உள்ள இடமும் போய்விடக் கூடும். மாணாக்கரில் பெரும்பாலோர் கென்டக்கியையும் அப்பலேச்சிய மலைப் பிரதேசத்தையும் சேர்ந்தவர்கள். பல குடும்பங்களில் கலாசாலையை மிதித்த முதல் ஆள் அவர்களாகவே இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் வேலை

ஒவ்வொரு மாணாக்கரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் கலாசாலையில் ஏதேனும் ஒரு வேலை செய்தே தீர வேண்டும். அதற்குச் சிறிய ஊதியம் உண்டு. நான் இந்த ஸ்தாபனத்தில் மிகவும் வியக்கும் அம்சம் இந்த 'ஒவ்வொரு' என்ற சொல்தான். ஏழை மாணாக்கன் வேலை செய்து படிப்பது உலகில் எங்கும் உண்டு. நம் நாட்டில் வாரச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, தெரு விளக்கில் படித்து முன்னுக்கு வந்த மேதைகளின் கதைகளை நாம் உருக்கமாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கதைகளில் வரும் பிள்ளை, சாப்பாடு போட்ட வீட்டு வாசலில் எத்தனை நேரம் தலை குனிந்து நின்றான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். சிலர் மட்டும் வேலை செய்தால், வேலை அவர்களுடைய வறுமைக்கு விளம்பரம். எல்லோரும் செய்தால், அது ஊர் வழக்கம். பெரீயாவில் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவுகிறவனைப் பார்த்து ஏளனம் செய்ய ஆள் இல்லை. ஏளனம் செய்ய வேண்டியவன் அந்த நேரத்தில் பன்றிக் கொட்டிலைச் சுத்தம் செய்துகொண்டிருப்பான்.

வேலைகளோ பலவிதம். முதல் வருஷத்தில் கலாசாலை பார்த்து ஒப்படைக்கும் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு அவரவர் விருப்பத்துக்கும் படிப்புக்கும் ஏற்றவாறு மாறிக்கொள்ளலாம். துடைப்பம், நெசவு, மரவேலை, மண்பாண்டம் ஆகிய பட்டறைகள் இருக்கின்றன. 1871 முதல் நடந்து வரும் பண்ணை ஒன்று இருக்கிறது. மாடு, பன்றி, தோட்டம், கடை எல்லாம் அதைச் சேர்ந்தவை. சுமார் 9,000 ஏக்கர் காடு இருக்கிறது. புஸ்தகசாலை, கணக்குக் காரியாலயம், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இடம், பின்தங்கிய மாணாக்கருக்குப் பாடம் சொல்லித் தரும் வேலை இவையும் உண்டு. கூட்டுவதும் மெழுகுவதும் நிச்சயமாக உண்டு.

எல்லாவற்றையும்விட ருசிகரமானது பூன் டாவர்ன் என்ற ஹோட்டல். தலைவர் ஃப்ராஸ்டின் கலாசாலையைப் பார்க்க வருகிறவர்கள் தொகை பெருகிப் பெருகி, ஒரு கோடைக் காலத்தில் மட்டும் அவர் மனைவியார் 300 விருந்தாளிகளுக்கு வீட்டிலே உபசாரம் செய்ய நேர்ந்தது. அந்த அம்மாள் பொறுமையின் எல்லைக்கு வந்து, ஒரு ஹோட்டல் கட்டியே ஆக வேண்டும் என்றார். 1909-ல் ஹோட்டல் திறந்தாயிற்று. செங்கல்கூடக் கலாசாலைச் சூளையில் அறுத்துச் சுட்டதுதான். இன்றும் அங்கே மாணாக்கர்கள் வேலை செய்கிறார்கள். உங்களுக்குக் காப்பி கொண்டு வந்து வைக்கும் பெண் மறுநாள் பௌதிகப் பரீட்சைக்குப் போகிறவளாக இருக்கலாம்; ஆகையால் காப்பி தாமதமானால் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செய்யும் வேலைக்கும் மேற்பார்வையாளர் மதிப்பிட்டுக் குறிப்பு எழுதுகிறார். பாடத்தில் கெட்டிக்காரனாக இருந்து வேலையில் ஏமாற்றினால் கலாசாலை சும்மா விடாது.

1937-ல் காந்திஜி வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை வெளியிட்ட வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய விஷயமாகத் தோன்றும். ஒரு வித்தியாசம் உண்டு. வார்தா திட்டத்தில் கைத்தொழில் வழியாகவே பாடமும் வர வேண்டும். நூற்கும்போதே கணக்கும் பூகோளமும் வரும். பெரீயாவில் அப்படியில்லை. துடைப்பத்திலிருந்து பிளேட்டோவைக் கறந்தெடுக்க யாரும் முயலுவதில்லை. இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒரே மனிதன் இரண்டுக்கும் உரியவன், அவ்வளவுதான். எது உசிதம் என்பதைக் கல்வி நிபுணர்கள் விவாதிக்கட்டும். சிறு குழந்தைகளுக்கு வார்தா முறையும், வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரீயா முறையும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே சாஸ்திரத்தில் மட்டும் பிள்ளையைப் பூட்டிவிடாமல், எதைப் படித்தாலும் கூடவே சரித்திரம், இலக்கியம், விஞ்ஞானம், கலை எல்லாவற்றிலும் ஓரளவு பழக்கம் ஏற்படுத்தும் பொதுக் கல்விதான் அங்கே நடப்பது. முதல் வருஷத்தில் எல்லோரும் எழுதவும் தர்க்கம் செய்யவும் பழக வேண்டும். அதற்கு மேல் முப்பதுக்கு மேற்பட்ட துறைகள். ரசாயனம், தத்துவம், நாடகம் இவற்றோடு விவசாயமும், தாதித் தொழிலும், ஆசிரியர் பயிற்சியும் உண்டு. தங்கள் மலைநாட்டின் பாட்டு, பேச்சு, வரலாறு இவற்றையே ஒரு துறையாக வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர் வாழ்க்கையைக் கேலி செய்யக் கற்றுக் கொடுப்பதே உயர்தரக் கல்வி என்று நினைக்கும் இடங்கள் பல இருக்கின்றன.

"சரி, படித்துவிட்டு என்ன உத்தியோகம்?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். பலர் ஆசிரியர்களாகவும் தாதிகளாகவும் விவசாய நிபுணர்களாகவும் ஆகிறார்கள். மலைநாட்டுக்கே திரும்பி அங்கே வேலை பார்ப்போரும் உண்டு. பேர் பெற்றவர்களில் சிலரை மட்டும் இங்கே சொல்கிறேன். நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்த வானீட்டா கிரெப்ஸ் 1942-ல் இங்கே பட்டம் பெற்றார். பொருளாதாரப் பேராசிரியையாகி, 1977-ல் அமெரிக்காவின் வர்த்தக மந்திரியானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. 1946-ல் படிப்பை முடித்த தாரன் மஸ்ஸர் நியூயார்க் நாடக மேடைகளுக்கு விளக்கமைக்கும் கலையில் தலைசிறந்து விளங்கினார்; 1975-ல் கம்ப்யூட்டரைக்கொண்டு மேடை விளக்குகளை ஆட்டி வைத்த முன்னோடி. 1964-ல் கணிதப் பட்டம் வாங்கிய ஜாக் ரௌஷ் மோட்டார்ப் பந்தய உலகில் பெரும் புள்ளியானார். ஜான் ஃபென் 1937-ல் இங்கே பட்டம் பெற்ற ரசாயனி. உயிர்ப் பொருள்களின் பெரிய அணுக்கூட்டங்களை மின்னேற்றம் பெற்ற நுண்துளிகளாகத் தெளித்து எடை காணும் முறையைக் கண்டதற்காக 2002-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 85! பிள்ளை இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போகவில்லையே என்று துடிக்கும் பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இக்கலாசாலை பட்ட அவமானத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருபத்தைந்து மைல்

கார்ட்டர் வுட்ஸன் 1875-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். தாயும் தந்தையும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இளம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு, இருபதாவது வயதில்தான் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பெரீயாவில் விட்டு விட்டுப் படித்து 1903-ல் பட்டம் பெற்றார். பிறகு 1912-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. கறுப்பர்களுக்குச் சரித்திரமே கிடையாது என்று எண்ணியிருந்த நாட்டில், அச்சரித்திரத்தைத் தேடித் தொகுப்பதிலேயே ஆயுளைக் கழித்தார். 1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய சரித்திர வாரம், பிற்காலத்தில் ஒரு மாதமாக விரிந்து இன்று அமெரிக்கா முழுவதும் கொண்டாடப்படுகிறது.

அவர் ஒரு வருஷம் பிந்தியிருந்தால் அந்தப் பட்டம் கிடைத்திருக்காது. 1904-ல் கார்ல் டே என்ற சட்டசபை அங்கத்தினர், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பதைக் குற்றமாக்கும் மசோதாவைக் கொண்டு வந்து நிறைவேற்றினார். கென்டக்கியில் அப்படிக் கலந்து படிக்கும் கலாசாலை பெரீயா ஒன்றுதான். ஆகவே சட்டம் யாருக்காக என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஒரே ஸ்தாபனம் இரண்டு நிறத்தாருக்கும் போதிக்க விரும்பினால், இரு கிளைகளாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று குறைந்தது 25 மைல் தூரத்தில் இருக்க வேண்டுமாம்! தீண்டாமைக்கு இத்தனை அடி என்று நம் நாட்டில் சில பிரதேசங்களில் கணக்கு வைத்திருந்தார்கள் அல்லவா? இவர்கள் மைலிலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

கலாசாலைக்கு 1,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கலாசாலை என்பது அரசாங்கத்தின் சாஸனத்தால் உண்டான ஸ்தாபனம். உண்டாக்கிய மாகாணத்துக்கு அதைக் கட்டுப்படுத்தவும் அதிகாரம் உண்டு என்று 1908-ல் தீர்ப்பாயிற்று. மனிதனுடைய உரிமை என்ற பிரதானக் கேள்வியை நீதிமன்றம் நாசூக்காக ஒதுக்கிவிட்டது. இருவர் மட்டும் மாறுபட்டார்கள். ஒருவர் ஜான் ஹார்லன்; கென்டக்கியிலேயே பிறந்து, அடிமைகள் வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். இப்படியே போனால், ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பில் இரண்டு நிறத்துக் குழந்தைகள் ஒன்றாக உட்காருவதையும் குற்றமாக்கலாமே என்று அவர் கேட்டார். மற்றவர் பெயர் டே! சட்டம் செய்த டே ஒருவர், அதை ஆக்ஷேபித்த டே வேறொருவர்.

கறுப்பு மாணாக்கர்களை வேறு கலாசாலைகளுக்கு அனுப்பி, அவர்களுடைய செலவில் உதவி செய்தது பெரீயா. அவர்களுக்கென்று நிதி திரட்டி லிங்கன் கல்விக்கூடம் என்ற தனிப் பள்ளியை 1912-ல் திறந்தது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் பழியை எல்லாம் சட்டத்தின் தலையில் மட்டும் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே ஃப்ராஸ்ட் தம் கவனத்தை மலைநாட்டு வெள்ளை ஏழைகளின் பக்கம் திருப்பிவிட்டார். 1899-ல் அவர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வடக்கே உள்ள தனவந்தர்களின் மனத்தை உருக்கியது, பணமும் வந்தது. ஆதியில் சரிபாதியாக இருந்த கறுப்பு மாணாக்கர்கள், 1904-ல் ஒரு சிறு பகுதியாகக் குறைந்திருந்தார்கள். போர்வை வாங்கி ஏழைக்குப் படிப்புக் கொடுத்த அதே ஃப்ராஸ்ட்தான். ஒரு நல்ல காரியத்தைச் செய்யும் உற்சாகத்தில் இன்னொரு நல்ல காரியத்தின் கை மெல்ல நழுவிப் போவதை அவர் பார்த்தும் பாராமலும் இருந்துவிட்டார். ஸ்தாபகர் ஃபீ இவற்றில் முற்பகுதியைக் கண்டு வருந்தி எச்சரித்தார். 1901-ல் காலமாகிவிட்டதால் சட்டத்தைப் பார்க்கும் துர்ப்பாக்கியம் அவருக்கு நேரவில்லை.

1950-ல் சட்டம் தளர்த்தப்பட்டது. அந்த வருஷமே பெரீயா கறுப்பு மாணாக்கர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இடையில் போனது நாற்பத்தாறு வருஷம். கென்டக்கியில் பிறந்து நாடெங்கும் புகழ் பெற்ற கறுப்பின எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 2004-ல் அங்கே பேராசிரியையாக வந்து சேர்ந்து, 2021-ல் காலமாகும் வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார். வுட்ஸனின் பெயரால் இனங்களின் நல்லுறவுக்கான ஒரு நிலையமும் கலாசாலையில் இருக்கிறது.

எல்லாம் பொன்னுலகம் என்று நினைத்துவிட வேண்டாம். படிப்புக்குச் சம்பளம் இல்லை என்றாலும் சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் செலவு இருக்கிறது. குடும்ப நிலையைப் பொறுத்து உதவித் தொகை அதில் பெரும்பகுதியை ஈடு செய்தாலும், சிலர் கொஞ்சம் கடன் வாங்கத்தான் நேருகிறது. பாடமும் வேலையும் சேர்ந்த பாரம் லேசானதன்று; சேர்ந்தவர்கள் எல்லோரும் பட்டத்தோடு வெளியேறுவதும் இல்லை. குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கும் தாய்மார்களுக்குத் தனி வீடுகளும் குழந்தைப் பள்ளியும் அமைத்திருக்கிறார்கள் என்பது ஒரு பெரிய ஆறுதல். அயல் நாட்டு மாணாக்கர்களையும் வருஷந்தோறும் எடுக்கிறார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உலகம் முழுவதற்குமாக உள்ள இடங்கள் மிகச் சில. விண்ணப்பிக்கும் பிள்ளை, தன் அறையையேனும் பெருக்கிப் பழகியிருப்பது நல்லது.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கலாசாலைக்கு விடுமுறை விடுகிறார்கள். 1875-ம் வருஷத்திலிருந்து வரும் வழக்கம் இது; மலை நாள் என்று பெயர். விடியுமுன் இருட்டிலேயே மாணாக்கர்களும் ஆசிரியர்களும் கலாசாலைக் காட்டின் வழியாகக் குன்றுகளின்மேல் ஏறிவிடுவார்கள். உச்சியில் பாறைகளின்மீது உட்கார்ந்து சூரியோதயம் பார்ப்பார்கள். பிறகு ஆட்டமும் பாட்டும் விளையாட்டும். அன்று பாடம் கிடையாது. பண்ணையில் இருக்கும் மாடுகளுக்கு மட்டும் மலை நாள் தெரியாதாகையால், அவற்றுக்குத் தீனி வைக்கும் முறைக்காரர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே இறங்கி வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.